சாவி இருக்கிற பூட்டு
'ஃப்ரான் போ' ஆடியவர்களின் அபிப்பிராயங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கெல்லாம் விமர்சனமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இதே கேள்வியை ஒரு காலத்தில் நாவலைப் பற்றியும், பிறகு சினிமாவைப் பற்றியும் கேட்டார்கள் என்று சொல்லித் தப்பித்துவிடலாம். எனக்கு அந்தப் பதிலில் திருப்தி இல்லை. நான் இதை எழுத வேண்டிவந்த காரணம் வேறு. பயம் என்ற ஒன்றைப் பற்றி இன்றைக்கு நம் ஊரில் மனம்விட்டுப் பேசுகிறவர்கள் யார் என்று பார்த்தால், கதை படிக்கிறவர்கள் அல்ல, விளையாடுகிறவர்கள்தான். திருப்பூரில் லைன் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்திருக்கும் பையன்கள் எந்த ஆட்டம் எவ்வளவு 'டெரர்' என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையில் அழகியல் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. இரண்டுக்கும் அவர்களிடம் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

பேச எடுத்துக்கொண்ட பிரதி 'ஃப்ரான் போ'. 2015 ஆகஸ்டில் வெளிவந்தது. சுவீடனைச் சேர்ந்த நடாலியா, இசாக் மார்ட்டின்சன் என்ற இருவர் 'கில்மண்டே' என்ற சிறிய நிறுவனத்தின் பெயரில் செய்தது. பெரிய முதலீடு இல்லாமல், ஆர்வலர்களிடம் முன்கூட்டியே பணம் திரட்டிச் செய்த ஆட்டம். இம்மாதிரியானவற்றை 'இண்டி' என்கிறார்கள். சந்தா கட்டிவிட்டு இதழ் வருமா வராதா என்று காத்திருந்து பழகியவர்களுக்கு இது என்ன வகை என்று விளக்க வேண்டியதில்லை.

கதை 1944இல் நடக்கிறது. ஃப்ரான் பத்து வயதுச் சிறுமி. அப்பாவும் அம்மாவும் கொலையுண்டு கிடப்பதைப் பார்க்கிறாள். தன் கருப்புப் பூனையோடு காட்டுக்குள் ஓடுகிறாள். கண் விழிக்கும்போது ஓஸ்வால்ட் என்ற மனநோய் விடுதியில் இருக்கிறாள், பூனை இல்லை. டாக்டர் டியர்ன் அவளுக்கு 'டுவோட்டைன்' என்ற சிவப்பு மாத்திரை கொடுக்கிறார். அதை விழுங்கினால் அதே அறை வேறு மாதிரித் தெரிகிறது: சுவரில் ரத்தம், கட்டிலுக்குப் பக்கத்தில் கருப்பு உருவங்கள், குழந்தைகளின் முதுகில் தொற்றிக்கொண்டிருக்கும் ஏதேதோ. இங்கிருந்து தப்பித்து, பூனையைக் கண்டுபிடித்து, கிரேஸ் அத்தையின் வீட்டுக்குப் போக வேண்டும். ஐந்து அத்தியாயங்கள். ஏழெட்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

இது சுட்டிச் சொடுக்கும் வகை ஆட்டம். 'மவுஸ்' என்பதற்குச் சுட்டி என்று தமிழில் பெயர் வைத்தவர் யாராயிருந்தாலும் இலக்கணம் படித்தவராக இருக்க வேண்டும். அ, இ, உ என்பவை நமக்குச் சுட்டெழுத்துகள். 'இ' பக்கத்தில் இருப்பது. 'அ' தூரத்தில் இருப்பது. 'உ' இரண்டுக்கும் நடுவில் இருப்பது. அது நம் பக்கத்துப் பேச்சில் செத்துப்போய், யாழ்ப்பாணத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. 1987இல் வந்த 'மேனியாக் மேன்ஷன்' என்ற அமெரிக்க ஆட்டத்தில் திரையின் கீழே வினைச்சொற்கள் வரிசையாக நிற்கும்: திற, மூடு, எடு, தள்ளு, கொடு. எல்லாம் ஏவல்வினைகள். ஒரு வினையைத் தொட்டு, பிறகு ஒரு பொருளைத் தொட வேண்டும். வருஷங்கள் போகப்போக வினைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, 'ஃப்ரான் போ'வுக்கு வரும்போது சுட்டு மட்டும் மிஞ்சிவிட்டது. இது, அது, இது. தொட்டால் போதும், என்ன செய்ய வேண்டும் என்பதை ஆட்டமே தீர்மானித்துக்கொள்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

2

'ஸ்டீம்' என்கிற விற்பனைத் தளத்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி ஆயிரக்கணக்கான அபிப்பிராயங்கள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பான்மை பாராட்டுத்தான். நான் சில வாரங்கள் உட்கார்ந்து வாசித்தேன். திரும்பத் திரும்ப வருபவற்றை ஐந்தாகத் தொகுக்கலாம். ஒன்று, ஓவியம்: குழந்தைக் கதைப் புத்தகத்தின் படத்தில் ரத்தத்தைக் கொட்டியது போல இருக்கும் அந்த அழகைப் பாராட்டுகிறார்கள். இரண்டு, புதிர்கள்: சில சிறுபிள்ளைத்தனமாக இருக்கின்றன, சிலவற்றில் தர்க்கமே இல்லை, நடுநடுவே வரும் குட்டி ஆட்டங்கள் கதையை அறுக்கின்றன. மூன்று, மூன்றாவது அத்தியாயத்தில் ஃப்ரான் 'இதெர்ஸ்தா' என்ற மாய தேசத்துக்குப் போனதும் இருட்டு கலைந்து, பயம் போய்விடுகிறது என்ற வருத்தம். நான்கு, முடிவு புரியவில்லை. உண்மையில் என்னதான் நடந்தது? ஐந்து, விலைக்கு ஏற்ற நீளம் இல்லை.

முதலிரண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை. குட்டி ஆட்டங்கள் இடைஞ்சல் என்பது சரிதான். மற்ற மூன்றிலும்தான் விஷயம் இருக்கிறது.

நான்காவதை முதலில் பார்ப்போம். 'உண்மையில் என்ன நடந்தது' என்று கேட்கிறவர்களில் கணிசமானவர்கள் தாங்களே ஒரு பதிலுக்கும் வந்து சேர்கிறார்கள்: எல்லாம் அவள் மனப்பிரமை. பறக்கும் இயந்திரத்தில் வரும் எலும்புக்கூட்டு நண்பன், பேசும் பூனை, வேர்களின் தேசம், எல்லாமே அதிர்ச்சியில் புத்தி பேதலித்த குழந்தையின் கற்பனை. இந்த வாசிப்பு புத்திசாலித்தனமாகத் தெரிகிறது. முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் அவிழ்த்துவிடுகிறது. ஆனால் இதை யார் ஏற்கெனவே சொன்னது? டாக்டர் டியர்ன். ஆட்டத்தின் முதல் அத்தியாயத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து, குறிப்பேட்டை வைத்துக்கொண்டு அவர் சொன்னது இதைத்தான். ஏழு மணி நேரம் அந்தக் குழந்தையின் கையாகவும் கண்ணாகவும் இருந்து, டாக்டரின் கட்டடத்திலிருந்து தப்பித்து ஓடிவந்த ஆள், ஆட்டம் முடிந்தவுடன் போய் அந்த டாக்டரின் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்கிறார். பிரதி முழுக்க யாருடைய சொல்லை நம்பக் கூடாது என்று சொல்கிறதோ, அவருடைய சொல்லே விளக்கமாக வந்து நிற்கிறது.

இது ஆடியவர்களின் முட்டாள்தனம் அல்ல. விளக்கம் என்கிற காரியத்துக்கே ஒரு நாற்காலி தேவைப்படுகிறது. அதில் உட்காராமல் ஒரு பிரதியைப் பற்றி எப்படிப் பேசுவது என்று விமர்சகர்களான நமக்கும் தெரியாது. நம்மில் எத்தனை பேர் ஒரு பெண் எழுதிய கவிதையை வாசித்துவிட்டு அவளுக்கு நோய் கண்டுபிடித்திருக்கிறோம்?

3

இனி ஐந்தாவது. விலைக்கு ஏற்ற நீளம் இல்லை.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு அபிப்பிராயத்தின் தலையிலும் அதை எழுதியவர் எத்தனை மணி நேரம் ஆடினார் என்ற கணக்கு தானாகவே பதிவாகியிருக்கும். கட்டைவிரல் மேலே அல்லது கீழே, பக்கத்தில் மணிக்கணக்கு. 2015இல் இன்னொரு விதியும் வந்தது. வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வாடிக்கையாளருக்கு நல்ல விதி. ஆனால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிற ஒரு நல்ல சிறுகதை போன்ற ஆட்டத்தைச் செய்கிறவனுக்கு இது என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும். 'இழு' என்று சொல்கிறது.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டுச் சில வருஷங்கள் ஒரு பனியன் கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தவன் நான். உள்ளே வரும் நேரம், வெளியே போகும் நேரம், அரை ஷிப்ட், ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவர் போடுவதற்குள் கணக்கு நேராக வேண்டும். பக்கத்திலேயே பீஸ் ரேட் ஆட்கள்: ஓவர்லாக்கில் இத்தனை டஜன், ஃப்ளாட்லாக்கில் இத்தனை டஜன். அங்கே மணிக்குப் பேச்சில்லை, பீஸுக்குத்தான் பேச்சு. அபிப்பிராயங்களின் தலையில் மணிக்கணக்கைப் பார்த்ததும் எனக்குப் பழைய அட்டை ஞாபகம் வந்தது. விளையாட்டு என்பது வேலைக்கு வெளியே, வாழ்க்கைக்கு வெளியே ஒரு வட்டம் போட்டு அதற்குள் நடப்பது என்று ஹாலந்துக்காரரான ஹுய்சிங்கா 1938இல் எழுதினார். வட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் அதன் வாசலில் இப்போது ஒரு டைம் ஆபீஸ் உட்கார்ந்திருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு 'நுகர்வுக் கலாச்சாரம்' என்று ஒரு வசை எழுதிவிட்டுப் போவது சுலபம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன்; பிறகு அடித்துவிட்டேன். செக்கிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு பையன், இந்தப் பத்தியை நான் எழுதிக்கொண்டிருந்த வாரத்தில், என்னிடம் கேட்டான்: "சீக்கிரம் முடியற கேம் ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்ணா. எனக்கு ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் இருக்குது." அங்கே நீளம் போதவில்லை என்கிறார்கள், இங்கே நீளம் வேண்டாம் என்கிறான். இருவரும் நேரத்துக்கு விலை போடுகிறவர்கள்தான். முன்னவருக்கு நிரப்ப வேண்டிய நேரம் இருக்கிறது, இவனுக்கு நேரமே இல்லை. 'நீளம் போதாது' என்பது ஆட்டத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல; அதைச் சொல்கிறவருடைய வாரத்தைப் பற்றிய தகவல். 2013இல் வந்த 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்ற ஆட்டத்தில் நீங்கள் எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் குமாஸ்தா. சரியாகப் பார்த்து அனுப்பிய ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலியில்தான் வீட்டில் சாப்பாடு, குளிருக்கு அடுப்பு, மருந்து. அது பீஸ் ரேட்தான். அதை ஆடிப் பார்த்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பாதியிலேயே மூடி வைத்துவிட்டார். "ஏனுங், லீவு நாள்லயும் இதையே பண்ணோணுமா?" என்றார். விமர்சனங்களில் 'புதுமையான அனுபவம்' என்று புகழப்பட்ட அதே அம்சம்தான் அது.

4

மூன்றாவது அபிப்பிராயத்துக்கு வருவோம். பயம் போய்விட்டது என்பது.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தமிழில் நெடுநாட்களுக்கு முன்பே வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் இடங்களை நான்கு நான்காகப் பிரிக்கிறது. அச்சத்துக்கு அது சொல்லும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இது எனக்கு வெறும் பட்டியலாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் வரிசையிலேயே ஒரு யோசனை இருப்பது போலப் படுகிறது. முதலில் மனித உலகத்துக்கு அப்பாற்பட்டது. பிறகு மனிதன் அல்லாத உயிர். பிறகு மனிதன், ஆனால் சட்டத்துக்கு வெளியே இருப்பவன். கடைசியில் சட்டமாகவே இருப்பவன். பயம் படிப்படியாக வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது.

அந்தத் 'தம்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பகை மன்னன் அல்ல, தன் மன்னன். தனக்குச் சோறு போடுகிறவன், காவல் இருக்கிறவன், தன் பொறுப்பு யார் கையில் இருக்கிறதோ அந்த ஆள். பேயைக் கண்டு ஓடலாம். புலியைக் கண்டு மரம் ஏறலாம். கள்வனைக் கண்டால் கூச்சல் போடலாம். தம் இறையைக் கண்டு எங்கே ஓடுவது? கூச்சல் போட்டால் யார் வருவார்கள்? வருவதும் அவனேதான்.

'ஃப்ரான் போ'வில் அணங்கு நிறைய இருக்கிறது. கருப்பு உருவங்களின் தலைவனாக 'ரெமோர்' என்று ஒருவன் அவளைத் துரத்திக்கொண்டே இருக்கிறான். நான் வாசித்த அபிப்பிராயங்களில் பயம் என்று பேசப்பட்டது பெரும்பாலும் அவனைப் பற்றியும் மாத்திரைக்குப் பின் தெரியும் ரத்தத்தைப் பற்றியும்தான். ஆனால் கதையில் ஃப்ரானுக்கு நிஜமாகத் தீங்கு செய்கிறவர்கள் யார்? விடுதியை நடத்துகிறவர், மாத்திரையைச் செய்தவர், கடைசி அத்தியாயத்தில் அன்பான அத்தையாகவே வந்து நிற்கிற கிரேஸ். அவள் போய்ச் சேர வேண்டும் என்று ஆட்டம் முழுக்கத் தவிக்கிறாளே, அந்த வீட்டின் ஆள். எல்லோரும் தம் இறை. இதெர்ஸ்தாவில் பயம் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் சரியாகவே கவனித்திருக்கிறார்கள்; காரணத்தைத்தான் விட்டுவிட்டார்கள். அங்கேயும் விசித்திரப் பிராணிகள் உண்டு, அணங்குக்குக் குறைவில்லை. அங்கே இல்லாதது இறை. அந்தத் தேசத்திலும் ராஜா இருக்கிறார், ஆனால் அவர் ஃப்ரானைப் பூட்டி வைக்கிறவர் இல்லை. பேய்கள் இருந்தும் பயம் போய்விட்டதென்றால், முதலில் நாம் பயந்தது பேய்களுக்கு அல்ல என்றுதானே அர்த்தம்?

எங்கள் தெருப் பிள்ளைகள் 2017இல் வந்த 'கிரானி' என்ற கைபேசி ஆட்டத்தை இன்றும் ஆடுகிறார்கள். பூட்டிய வீடு, கட்டையோடு சுற்றும் கிழவி, தப்பிக்க ஐந்து நாள். சின்னச் சத்தம் கேட்டாலும் அவள் வந்துவிடுவாள். பிள்ளைகள் அவளைப் பேய் என்கிறார்கள். எனக்கு என்னவோ அவள் வார்டன் மாதிரித்தான் தெரிகிறாள்.

5

வார்டன் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

என் சித்தி மகளுக்கு 16 வயதானபோது வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நூல் மில்லுக்கு அனுப்பினார்கள். எந்த மில் என்பது இங்கே முக்கியமல்ல. மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் 30,000, 40,000 என்று மொத்தமாகக் கையில் வரும், கல்யாணத்துக்கு ஆகும். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். மாங்கல்யத் திட்டம் என்றும் சில இடங்களில் சொன்னார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து மில்கள் பலவற்றில் இது நடந்தது. 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் இதைப் பற்றி ஒரு விரிவான அறிக்கை வெளியிட்ட பிறகு வெளிநாடுகளிலும் பேசப்பட்டது. எங்கள் வீட்டில் பேசப்படவில்லை. மூன்று வருஷம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது அவளுக்கு அம்மை போட்டது, ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பிப் போனபோது கணக்கு முதலிலிருந்து என்றார்கள். அவள் திரும்பிவிட்டாள். பணம் வரவில்லை.

இப்போது அவள் திருப்பூரில் ஒரு கம்பெனியில் டைலர். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கிறாள். இந்த ஆட்டம் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாகக் கிடைக்கும். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடினோம். ஆங்கில வசனங்களை நான் வாய்க்கு வந்த தமிழில் சொல்வேன், தொடுவது அவள்.

சிவப்பு மாத்திரையை முதல் தடவை போட்டதும் அறை மாறியது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்த மாதிரித் தெரியவில்லை. மாத்திரையின் மயக்கம் தெளிந்து அறை பழையபடி சுத்தமானதும் சொன்னாள்: "இதான் ஆடிட் அன்னிக்கு. முன்னாடி காமிச்சாங்களே, அது மத்த நாளு."

பையர் ஆடிட் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் சார்பில் ஆய்வுக்கு ஆள் வரும் நாள். அன்றைக்கு அவசர வழியை மறித்துக்கிடந்த அட்டைப் பெட்டிகள் காணாமல் போகும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சும் மருந்தும் வந்துவிடும். முகத்துக்கு மாஸ்க் கிடைக்கும். பதிவேட்டில் எல்லோரும் எட்டு மணி நேரம்தான் வேலை செய்திருப்பார்கள். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்யாதவர்கள் எங்கள் தெருவில் குறைவு. ஆயிரக்கணக்கானவர்கள் அந்த மாத்திரையை 'பயங்கரக் காட்சிகளைக் காட்டும் மாத்திரை' என்றும், 'மனநோயின் குறியீடு' என்றும் எழுதியிருக்கிறார்கள். மாத்திரை போட்டால் தெரிவது சாதாரண நாள், போடாவிட்டால் தெரிவது ஆய்வு நாள் என்ற வாசிப்பை நான் அங்கே பார்க்கவில்லை. பிரதியோ இந்த வாசிப்பை மறுக்கவில்லை. ஃப்ரான் மாத்திரைக்குப் பின் காணும் சங்கதிகள்தான் அவளுக்கு வழியைக் காட்டுகின்றன. புதிர்களின் விடை பல இடங்களில் அந்த ரத்தச் சுவரில் இருக்கிறது.

இன்னொரு இடம். விடுதியில் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டோம். எதைத் தொட்டாலும் நகரவில்லை. கொஞ்ச நேரம் போனை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, "அண்ணே, நாம ஒண்ணுமே பண்ணாம இருந்தா இவங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டாள். ஒன்றும் பண்ண மாட்டார்கள், நாம் தொடும்வரை காத்திருப்பார்கள் என்றேன். சிரித்தாள். "நல்ல ஆஸ்பத்திரிதான் போ. நாம சும்மா இருந்தா அவங்களும் சும்மா இருக்காங்க."

சுட்டிச் சொடுக்கும் ஆட்டங்களின் வடிவத்தைப் பற்றி இதைவிடக் கறாரான ஒரு வாக்கியத்தை நான் படித்ததில்லை. வினைகள் உதிர்ந்து சுட்டு மட்டும் மிஞ்சியது என்று முதலில் சொன்னேன். உதிர்ந்த வினைகள் எல்லாம் நம்முடையவை மட்டுமல்ல, அவர்களுடையவையும்தான். டாக்டருக்கு இங்கே வினை கிடையாது. நர்ஸ் நின்ற இடத்தில் நிற்கிறாள். காவலாளி வாசலிலேயே இருக்கிறான். உலகம் முழுவதும் ஒரு சிறுமியின் விரலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. தம் இறையின் பயம் என்பது அவன் காத்திருக்க மாட்டான் என்பதுதானே? விசில் அடிப்பான், லைட்டைப் போடுவான், இரவு ஷிப்டுக்கு ஆள் குறைகிறது என்று தூக்கத்திலிருந்து எழுப்புவான். ஓவியத்தில் எவ்வளவு இருட்டைக் குழைத்தாலும், இந்த வடிவம் அதன் எலும்பிலேயே வெளிச்சமானது. கதை இறையைப் பற்றிப் பேசுகிறது. வடிவம் இறையைப் பல் பிடுங்கி உட்கார வைத்துவிடுகிறது.

அதேபோல் பூட்டு. "பூட்டைக் காமிச்சிட்டான்னா சாவியையும் எங்கயோ வச்சிருக்கான்னு தெரிஞ்சுபோகுது. அப்பறம் என்னண்ணே பயம்?" இதுவும் அவள் சொன்னதுதான். புதிர்கள் சுலபம் அல்லது கஷ்டம் என்று எழுதிய அத்தனை பேரும், பாராட்டியவர்களும் திட்டியவர்களும், ஒரு விஷயத்தில் ஒன்றாக நிற்கிறார்கள்: விடை இருக்கிறது. நான் கண்டுபிடிக்காவிட்டால் குறை என்னுடையது அல்லது ஆட்டத்தைச் செய்தவனுடையது. விடையே வைக்கப்படாத பூட்டு என்று ஒன்று அந்த உலகத்தில் கிடையாது. மூன்று வருஷம், கடைசியில் மொத்தப் பணம் என்ற திட்டமும் தன்னை அப்படித்தான் காட்டிக்கொண்டது: இது பூட்டு, இது சாவி, நடுவில் உன் பொறுமை. ஆட்டத்தில் தவறினால் சேமித்து வைத்த இடத்திலிருந்து தொடரலாம். அங்கே நான்கு மாதம் இருக்கும்போது முதலிலிருந்து.

6

2016இல் கல்கத்தாவிலிருந்து 'மிஸ்ஸிங்' என்று ஒரு கைபேசி ஆட்டம் வந்தது. லீனா கேஜ்ரிவால் என்ற புகைப்படக் கலைஞர், சத்யஜித் சக்ரவர்த்தியின் 'ஃப்ளையிங் ரோபோ' குழுவோடு சேர்ந்து செய்தது. அதற்கு முன் அவர் இரும்புத் தகட்டில் சிறுமிகளின் கருப்பு நிழலுருவங்களை வெட்டிப் பொது இடங்களில் நிறுத்தியிருந்தார். வானத்தில் ஆள் வடிவத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். ஆட்டத்தில் நீங்கள் கடத்தி விற்கப்பட்ட ஒரு பெண். அங்கே ஆட்டத்தின் அச்சம் கள்வரிடமிருந்து வருகிறது. எந்தத் தேர்வைச் செய்தாலும் அது நல்ல தேர்வாக இருப்பதில்லை. இதையெல்லாம் விளையாட்டாக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி சரியாகப் படவில்லை. நாவலாக்கலாம், சினிமாவாக்கலாம், விளையாட்டாக்க மட்டும் கூடாது என்பதில் என்ன நியாயம்? என் கேள்வி வேறு. கள்வரைப் பற்றி ஆட்டம் செய்யும்போது நாம் அனைவரும் ஒரே பக்கம் நிற்கலாம். விழிப்புணர்வு என்று பரிசும் கொடுக்கலாம். தம் இறையைப் பற்றிச் செய்யும்போது ஆடுகிறவர் வாங்கிப் போட்டிருக்கும் பனியனும் உள்ளே வந்துவிடும்.

'ஃப்ரான் போ'வின் முடிவில் ஃப்ரானும் அவள் பூனையும் அவளை நேசிக்கிறவர்களோடு வேறொரு உலகத்துக்குப் போகிறார்கள். அது சாவா, விடுதலையா, பிரமையா என்று பிரதி சொல்வதில்லை. உண்மையில் என்ன நடந்தது என்று ஆடியவர்கள் கேட்பதை முன்பே சொன்னேன். என் தங்கை அதைக் கேட்கவில்லை. "போயிட்டா இல்ல?" என்றாள். போய்விட்டாள் என்றேன். "பூனையும்?" பூனையும். "அது போதும்."

ஏன் கேட்கவில்லை என்று நான் நச்சரித்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். மில்லுக்கு ஒரு தடவை யாரோ விசாரிக்க வந்தார்களாம். பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, உண்மையில் இங்கே என்ன நடக்கிறது, பயப்படாமல் சொல்லுங்கள் என்றார்களாம். வார்டன் பக்கத்திலேயே நின்றிருந்தார். எல்லாரும் ஒண்ணும் இல்லைங்க என்று சொன்னார்கள். "அப்படிக் கேக்குறவங்க எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டுப் போயிருவாங்கண்ணே. நாமதான் அங்க இருக்கணும்."

இந்த இடத்தில் நான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இவளுடைய பேச்சை எடுத்து 'அடித்தள வாசிப்பு' என்று பெயர் சூட்டி, உலகம் பூராவும் உள்ள ஆயிரக்கணக்கான அபிப்பிராயங்களுக்கு எதிரே நிறுத்தி ஜெயிக்க வைத்தால், நானும் பேப்பரில் எழுதிக்கொண்டு போகிறவன்தான். அவளுக்கு அந்த ஆட்டம் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படங்கள் பிடித்தன. பூனை பிடித்தது. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பெண்கள் வரும் வீட்டில் நிஜமாகவே பயந்து போனை என்னிடம் நீட்டினாள். பயமில்லை என்று சொன்ன அதே வாய்தான். ஒரு வாசிப்புக்கு ஒரு வர்க்கம் என்று அச்சுக் கோத்து வைக்கிற விமர்சனத்தை நாம் போதுமான அளவு செய்து பார்த்துவிட்டோம்.

நான் கேட்பது இவ்வளவுதான். இருண்ட ஆட்டம் என்று ஒன்றைச் சொல்லும்போது, எவ்வளவு இருட்டு என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. பயம் நான்கில் எந்த இடத்திலிருந்து பிறக்கிறது? அந்த உலகம் நம் விரலுக்காகக் காத்திருக்கிறதா, இல்லையா? பூட்டுக்குச் சாவி உண்டு என்ற உத்தரவாதத்தைக் கொடுப்பது யார்? இவற்றைக் கேட்டால் விளையாட்டைப் பற்றிய பேச்சு, விளையாட்டைப் பற்றி மட்டும் இருக்காது. ஆடியவர்கள் முடிவு புரியவில்லை என்று எழுதியிருப்பதை இப்போது எனக்குக் குறையாகவும் படிக்கத் தோன்றவில்லை. விடை நிச்சயம் என்று நம்பி ஏழு மணி நேரம் சாவிகளைத் தேடியவர்களுக்கு, கடைசிப் பூட்டில் சாவி இல்லை. அந்த ஒரு இடத்தில் அவர்கள் எல்லாரும், அவர்களுக்கே தெரியாமல், விடுதிக்குள் ஒரு நிமிஷம் இருந்திருக்கிறார்கள். உடனே டாக்டரின் விளக்கத்தைத் திறந்து வெளியே வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை.